கூலியும் கூரையும்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கமாக மலையேறினால் லூல்கந்துர என்னும் தோட்டம் வரும். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-ல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல்கள் கூறுகின்றன. அத்தேயிலையைக் கொய்த பெண்களைப் பற்றி அவை பேசுவதில்லை. தென்னிந்தியக் கிராமங்களின் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்குப் புகலிடம் அளிப்பது யார், அதற்குச் செலவு செய்வது யார் என்ற கேள்வியை இன்று எழுப்பும் நாம், அந்தப் பெண்களின் சரித்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

1927-ல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929-ல் நடுத்தர உயரத்துத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் விதிக்கப்பட்டன. அந்தக் குறைந்த கூலியும் அவள் கைக்கு வரவில்லை. சம்பள நாளில் கணவனோ தந்தையோ அதை வாங்கிச் செல்வது நெடுங்கால வழக்கம். போராட்டத்தின் பின் 1984-ல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. கூலி சமமாயிற்று, கூரை?

லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கணவனைவிட்டு வெளியேறும் பெண் கூரையையும் விட்டே வெளியேறுகிறாள். தோட்டத்தையே விட்டுப் போனால் அன்றாடப் பேரும் போய்விடும். ஆகவே இரவில் அடிபட்டவள் விடியலில் பெரட்டுக்குப் போகிறாள். சுவருக்கு அப்பால் எல்லோருக்கும் அழுகுரல் கேட்கிறது. ஆனால் 'அது குடும்ப விஷயம்' என்ற ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது.

ஏழைப் பெண்ணுக்கு ஆதிகாலம் முதல் இருந்த ஒரே புகலிடம் பிறந்த வீடு. அதையும் அரசியல் பறித்தது. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. பெற்றோர் தலைமன்னாரில் கப்பலேறினர். மணமான மகள் லயத்தில் நின்றாள். அடி தாங்காமல் ஓடிச் சென்று சேர அவளுக்கு எந்த வாசல் இருந்தது? எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

இரண்டாண்டுகள் கழித்து, 2005-ன் 34-ஆம் இலக்கச் சட்டமாகக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. இதன்படி நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பின்னர் 12 மாதம் வரையிலான கட்டளையும் பிறப்பிக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் நீதிமன்றம் போக பஸ் கட்டணம் வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். அவளுடைய தமிழைப் புரிந்து கொள்ளும் ஒருவர் வேண்டும். அன்றிரவு படுக்க ஓர் இடமும் வேண்டும். இவற்றுக்கென்று சட்டம் ஒரு நிதியை உருவாக்கவில்லை. 1938 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் அழைப்பின் மறுமுனையில் ஒரு கதவு திறக்க வேண்டுமன்றோ?

அந்தக் கதவைத் திறந்தவை பெரும்பாலும் பெண்கள் அமைப்புகளே. 1987-ல் தோன்றிய 'விமன் இன் நீட்', கண்டியின் பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்றவை இப்பணியில் இறங்கின. ஆனால் இத்தகைய பணிகள் பெரிதும் நன்கொடையை நம்பியவை. நன்கொடைக்குக் காலவரை உண்டு. அடிக்கும் கைக்குக் காலவரை இல்லை.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய துயரமன்று. பிரிட்டனில் கணவனைச் சார்ந்த விசாவில் குடியேறிய பெண்ணுக்குப் பொதுநிதி மறுக்கப்பட்டது. நிதியில்லாதவளுக்குப் புகலிடக் கதவும் திறக்கவில்லை. 1979-ல் லண்டனில் உருவான சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்றோர் நெடுங்காலம் போராடினர். அதன் பயனாக 2012-ல், கொடுமைக்குத் தப்பிய அத்தகைய பெண்களுக்கு 3 மாத காலம் பொது உதவி கிடைக்க வழி பிறந்தது. அங்கே விசா, இங்கே லயம். பெண்ணைக் கணவனோடு பிணைக்கும் சங்கிலி ஒன்றே. அதை அறுக்க இரக்கம் போதாது, பொதுப்பணம் வேண்டும் என்பதே அப்போராட்டம் தரும் பாடம்.

ஒன்றரை நூற்றாண்டாக அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகள் இவை. அவற்றுக்கு ஒரு கூரை கேட்பது பிச்சையாகுமா? புகலிடங்களுக்கு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்கப்பட வேண்டும். அங்கே தமிழறிந்த பணியாளர் இருக்க வேண்டும். தங்கும் நாட்களில் பெண்ணின் வேலையும் கூலியும் காக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுப்பட்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் அக்குரலுக்குத் துணை நிற்கட்டும். அடிபடும் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லாத வரை, சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை காகிதத்தின் உரிமையே.