வெள்ள வீடியோ: பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள்

2022 ஜூலை 4. கெடா, பாலிங் மாவட்டத்தின் குப்பாங் வட்டாரத்தில் திடீர் வெள்ளம்; மூவர் உயிரிழந்தனர். இந்த மாதிரி நேரத்தில், செய்தியாளர் வருவதற்கு முன்பே அங்குள்ளவர்கள் எடுத்த வீடியோ புலனத்தில் வந்துவிடும். நல்ல உதவிதான். ஆனா பழைய வீடியோவும் அதே வேகத்தில் வரும். அதை நம்பி ஒரு குடும்பம் ஆபத்தான சாலையில் இறங்கிவிடலாம்.

எப்படிச் சரிபார்ப்பது?

எடுத்தது யார்? எப்போ? எங்கே? இதைக் கேளுங்க. அனுப்பியவர் சுங்கை பட்டாணியில் இருக்கும் உங்க மாமாவாக இருக்கலாம். எடுத்தவர் அவர் இல்லையே!

பதில் கிடைக்கலையா? எம்.சி.எம்.சி. 2017-இல் தொடங்கிய ‘செபெனார்ன்யா’ அகப்பக்கத்தில் தேடுங்க. 2025-இல் வந்த ‘ஐஃபா’ சாட்பாட்டிடம் புலனத்திலேயே தமிழில் கேட்கலாம். உறுதியாகும் வரை பகிராதீங்க.