அவர் கடன், அதன் பொருள்

ஜப்தி, அமீனா, ஏலம் ஆகிய மூன்று சொற்களையும் அச்சமின்றிக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே குறைவு. முதல் இரண்டும் அரபு, பாரசீக வழியாகவும், மூன்றாவது போர்த்துகீசிய மொழியிலிருந்தும் தமிழுக்கு வந்தன என்பர் மொழியறிஞர். அச்சொற்களுக்குப் பின்னால் நிற்கும் சட்டமோ இரண்டே வினாக்களில் அடங்குவது. கடன்பட்டவர் யார்? கைப்பற்றப்படும் பொருள் யாருடையது? இரண்டுக்கும் விடை ஒருவரே ஆனால்தான் ஜப்தி முறையாகும். கடன்பட்டவர் ஓர் இயக்குநராகவும், பொருள் அவர் நடத்தும் கம்பெனியுடையதாகவும் இருக்கும்போது விடைகள் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டை உணரச் சட்டத்திற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிலர் கூடி ஒரு வணிகம் நடத்துகின்றனர் என்று கொள்வோம். அவர்களுள் ஒருவர் தம் சொந்தச் செலவுக்குக் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை. கடன் கொடுத்தவர் அவர்மீது தீர்ப்புப் பெறுகிறார். அதன்பின் ஷெரீப்பின் ஆட்கள் நேரே கூட்டுவணிகக் கடைக்கு வந்து சரக்கைக் கைப்பற்றலாம், வணிகம் நின்றுபோகும். ஒரு காசும் கடன்படாத ஏனைய கூட்டாளிகள் வேறொரு நீதிமன்றத்தை நாடிக் கணக்குப் பார்த்துத் தங்கள் பங்கை மீட்கவேண்டும். கூட்டுவணிகச் சட்டம் குறித்து 1860இல் பெருநூல் எழுதிய லிண்ட்லி, பின்னாளில் நீதிபதியாக இருந்தபோது, இதைவிடக் கோணலான முறை இருக்க இயலாது என்னும் பொருள்படக் கடிந்துரைத்தார். 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. ஒரு கூட்டாளியின் தனிக்கடனுக்குக் கூட்டுவணிகத்தின் பொருளைத் தொடலாகாது; அவருடைய பங்கின்மீது மட்டும் பொறுப்பேற்றலாம். இதே விதி, 1908ஆம் ஆண்டின் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் கட்டளையின் 49ஆம் விதியாக இடம்பெற்றது.

கூட்டுவணிகத்திற்கே இந்தக் காப்பு உண்டெனில், சட்டத்தின் முன் தனி ஆளாகவே நிற்கும் கம்பெனிக்கு, அதாவது நிறுமத்திற்கு, அது இன்னும் உறுதியாக இருந்தாகவேண்டும். ஆனால் அந்தத் தனியாள் உண்மையானவர்தானா என்பதே ஐயமாக இருந்தது. லண்டனில் தோல் காலணி செய்து விற்ற ஆரன் சாலமன் 1892இல் தம் தொழிலை ஒரு நிறுமத்திற்கு விற்றார். அதன் பங்குதாரர் எழுவர்: அவர், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள். அவரிடம் 20,001 பங்குகள். மற்ற அறுவரிடம் ஆளுக்கு ஒன்று. அடுத்த ஆண்டே தொழில் நொடித்தது. நிறுமம் வெறும் வேடம், கடனைச் சாலமனே தீர்க்கவேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் கூறின. 1895இல் அவ்வாறு கூறிய மேல்முறையீட்டு நீதிபதிகளுள் கூட்டுவணிகர்களுக்காக வாதாடிய அதே லிண்ட்லியும் ஒருவர்! 1896 நவம்பரில் பிரபுக்கள் அவை அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. ஏழு பேரின் பெயரால் முறைப்படி பதிவான நிறுமம் அந்த எழுவரினும் வேறானது என்பதே அதன் முடிவு.

இத்தீர்ப்பைச் செல்வர்க்குக் கிடைத்த கேடயம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இந்தக் கதவு இருபுறமும் பூட்டுவது. அயர்லாந்தில் மக்கோரா என்பவர் தம் நிலத்து மரங்களைத் தம் நிறுமத்திற்கு விற்றுவிட்டுக் காப்பீட்டை மட்டும் தம் பெயரில் வைத்திருந்தார். 1922இல் மரம் எரிந்தது. பங்குகள் எல்லாம் அவர் வசமே இருந்தபோதிலும், மரம் அவருடையது அன்று என்று கூறி 1925இல் பிரபுக்கள் அவை அவருக்கு இழப்பீடு மறுத்தது. உரிமையாளர்கூடத் 'தன்னுடையது' என்று சொல்ல இயலாத பொருளை, அவருடைய கடன்காரர் மட்டும் எவ்வாறு 'அவருடையது' என்று சொல்ல இயலும்?

இயக்குநரின் சொந்தக் கடனுக்காக நிறுமத்தின் கடைசல் இயந்திரத்தையும் லாரியையும் தூக்கிச் சென்றால் நட்டப்படுவோர் யார்? இயந்திரத்தை நம்பிக் கூலி பெறும் தொழிலாளி. முதலிட்ட பிற பங்குதாரர். சரக்கைக் கடனாகத் தந்த வணிகர். இவர்களுள் எவரும் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். கடன் கொடுத்தவரும் வெறுங்கையோடு திரும்பவேண்டியதில்லை. இயக்குநரின் பெயரிலுள்ள பங்குகளை ஜப்தி செய்யச் சட்டம் வழி வைத்துள்ளது.

தவறான ஜப்தி நிகழ்ந்துவிட்டால், பொருளுக்கு உரியவர் அதே நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்பலாம். 21ஆம் கட்டளையின் 58ஆம் விதி அதற்கானது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அந்த விசாரணையின் முடிவு தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீட்டுக்கும் உரியது. ஆயினும் ஏலம் முடிந்த பின் வரும் ஆட்சேபத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. ஆகவே விரைவு இன்றியமையாதது. சிலம்பு யாருடையது என்ற வினாவைத் தண்டனைக்குப் பின் கேட்டதால் விளைந்ததைச் சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இப்பூட்டை ஏய்ப்பதற்குப் பயன்படுத்துவோரும் உளர் என்பதை மறத்தலாகாது. 2013இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு மணமுறிவு வழக்கு வந்தது. கணவரின் ஆளுகையிலிருந்த நிறுமங்களின் பெயரில் ஏழு வீடுகள் இருந்தன. நிறுமம் வேறு, அவர் வேறு என்ற கொள்கையை நீதிமன்றம் கைவிடவில்லை. மாறாக, அவ்வீடுகள் தொடக்கம் முதலே அவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டவை என்பதைச் சான்றுகளிலிருந்து முடிவுசெய்து, மனைவிக்கு மாற்றித்தர ஆணையிட்டது.

ஏமாற்றை வெளிப்படுத்தவும் அதே வினாவே உதவியது என்பது நோக்கத்தக்கது. பொருள் யாருடையது என்று முதலில் கேட்டு, விடையை ஆவணத்தில் தேடும் நீதிமன்றம் மனைவிக்கும் நீதி செய்கிறது. யாரோ ஒருவர் பட்ட கடனுக்காகப் பட்டறை பூட்டப்படுவதிலிருந்து தொழிலாளியையும் காக்கிறது.