கொள்ளையன் கதையும் குளிரின் கதையும்
கலிபோர்னியா, கிளாண்டைக் தங்க வேட்டைகள்: ஓர் ஒப்பாய்வு

சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசி தாளாமல் பூட்ஸை வேகவைத்துத் தின்னும் காட்சிக்குச் சிரிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். கதை நடக்கும் இடம் வடக்கே, கிளாண்டைக் தங்கத்தைத் தேடி ஆட்கள் போன பனிவெளி. ஆனால் அந்தக் காட்சிக்கு வித்து அங்கே இல்லை. 1846-47 குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனிக்குள் சிக்கிய டானர் குழுவினர், தோலை வேகவைத்துத் தின்று, கடைசியில் இறந்தவர்களின் உடலையும் தின்றார்கள். அதைப் படித்ததிலிருந்துதான் அந்தக் காட்சி பிறந்தது என்று சாப்ளினே எழுதியிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் எறும்புச் சாரையாக மனிதர்கள் பனிமலை ஏறுவார்களே, அதற்குத் தூண்டுதல் கிளாண்டைக் புகைப்படங்கள். படம் பிடித்த இடமோ டானர் கணவாய்க்குப் பக்கத்திலுள்ள ட்ரக்கீ.

அரை நூற்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு தங்க வேட்டைகளை நம் நினைவும் இப்படித்தான் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறது. தாடிக்காரச் சுரங்கக்காரன், மதுக்கடை, சூதாட்டம், துப்பாக்கி, ஒரே நாளில் பணக்காரன் என்று எல்லாம் ஒரே சித்திரம். இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தால் கதைகள் வேறு வேறு என்பது தெரியும். கலிபோர்னியாவின் கதைகளில் வில்லன் மனிதன். கிளாண்டைக்கின் கதைகளில் வில்லன் குளிர். இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

தங்கம் கிடைத்த விதம்

1848 ஜனவரி 24 அன்று, கலிபோர்னியாவின் கொலோமாவில் ஜான் சட்டருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், நீர்க்கால்வாயில் மஞ்சள் துகள்களைக் கண்டார். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 2-ல், மெக்சிகோ அந்த நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. விவசாயப் பண்ணை ஒன்றை உருவாக்கும் கனவில் இருந்த சட்டர் செய்தியை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. சாம் பிரானன் என்ற வணிகர், தங்கத்தூள் நிரம்பிய குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி சான் பிரான்சிஸ்கோ தெருவில் கூவிக்கொண்டு போனார். அதற்கு முன்பே மண்வெட்டி, தட்டு போன்ற சரக்குகளைத் தன் கடையில் வாங்கிக் குவித்துவிட்டார் என்பது அந்தக் கூவலின் மறுபாதி. டிசம்பரில் குடியரசுத் தலைவர் போல்க் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் தங்கத்தை உறுதிசெய்தார். மறு ஆண்டில் சுமார் 90,000 பேர் வந்து இறங்கினார்கள். கப்பலில் வந்த மாலுமிகளும் சுரங்கத்துக்கு ஓடிவிட்டதால் துறைமுகத்தில் ஆளில்லாக் கப்பல்கள் நின்றன. சிலவற்றைக் கரையோரம் இழுத்துக் கிடங்காகவும் விடுதியாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில் 1896 ஆகஸ்ட் நடுவில் தங்கம் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்ற அமெரிக்கர், அவர் மனைவி கேட், கேட்டின் அண்ணன் ஸ்கூக்கம் ஜிம், உறவினர் டாசன் சார்லி. கார்மாக் தவிர மற்றவர்கள் தாகிஷ் பழங்குடியினர். முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றும் இரு பக்கம் உண்டு. ஜிம்தான் என்பது தாகிஷ் மக்களின் வாக்கு. ஆனால் கண்டுபிடித்தவருக்குரிய முதல் நிலத்துண்டு கார்மாக் பெயரில் பதிவானது.

செய்தி வெளியுலகை எட்ட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 1897 ஜூலை 17-ல் 'போர்ட்லண்ட்' என்ற கப்பல் சியாட்டிலில் கரை சேர்ந்தது. ஒரு டன்னுக்கு மேல் தங்கம் வந்திருக்கிறது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. சுமார் 1,00,000 பேர் கிளம்பினார்கள். முப்பது, நாற்பதாயிரம் பேர்தான் கிளாண்டைக்கின் டாசன் நகரைப் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்தபோது நல்ல ஓடைகள் முழுவதும் ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் கைக்குப் போயிருந்தன.

இரண்டுக்கும் உள்ள முதல் பெரிய வேறுபாடு இது. 1849-ல் கலிபோர்னியாவுக்கு வந்தவன் தட்டும் மண்வெட்டியும் கொண்டு ஆற்றில் இறங்கினால் கொஞ்சமாவது கிடைக்க வாய்ப்பு இருந்தது. 1898-ல் டாசனுக்கு வந்தவனுக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே கதவு மூடியிருந்தது. அவனிடம் மிஞ்சியது பயணம் ஒன்றுதான். கிளாண்டைக் கதைகள் பெரும்பாலும் தங்கத்தைப் பற்றியவையாக இல்லாமல் அங்கே போன வழியைப் பற்றியவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சட்டம் பிந்தியதும் முந்தியதும்

தங்கம் கிடைத்தபோது கலிபோர்னியாவில் இருந்தது ராணுவ நிர்வாகம். பழைய மெக்சிகோ சுரங்க விதிகளை அது நீக்கியது, புதிய விதி எதையும் வைக்கவில்லை. 1850 செப்டம்பரில்தான் கலிபோர்னியா மாநிலமானது. அதற்குள் ஒவ்வொரு சுரங்க முகாமும் கூட்டம் கூட்டித் தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது. நிலத்துண்டின் அளவு, உழைக்காமல் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது போன்ற விஷயங்களில் அது ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. குற்றம் என்று வந்தால் அதே கூட்டம் நீதிபதியாகி, அன்றே மரத்தில் தூக்கிலிட்டது. இன்றைய பிளாசர்வில் நகருக்கு அன்று 'தூக்கு நகரம்' என்றே பெயர். சான் பிரான்சிஸ்கோவில் 1851-லும் 1856-லும் வணிகர்கள் கண்காணிப்புக் குழு அமைத்து, அரசை ஒதுக்கிவிட்டுத் தாங்களே ஆட்களைத் தூக்கிலிட்டார்கள்.

கிளாண்டைக்கில் தங்கம் கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே, 1895-ல், கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ் யூகானில் முகாம் போட்டிருந்தது. 1898 தொடக்கத்தில், அங்கே போகும் வழியிலிருந்த சில்கூட், வெள்ளைக் கணவாய் இரண்டின் உச்சியிலும் போலீஸ் உட்கார்ந்துகொண்டது. ஓராண்டுக்கான உணவும் கருவிகளும், ஏறத்தாழ ஒரு டன், கொண்டுவராதவன் உள்ளே நுழைய முடியாது. பட்டினிச் சாவைத் தடுக்க வந்த விதி இது. ஆனால் ஒரு டன்னை ஒரே நடையில் யாரால் தூக்க முடியும்? பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகளில், மூட்டையை உச்சியில் வைத்துவிட்டு இறங்கி, மறுபடி ஏறி, முப்பது நாற்பது முறை நடந்தார்கள். உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்தச் சாரைப் புகைப்படம் ஓர் அரசாங்க விதியின் விளைவு.

டாசனில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையும் நடன அரங்கமும் மூடியாக வேண்டும். தவறு செய்தவன் போலீஸ் முகாமுக்கு விறகு பிளக்க வேண்டும், அல்லது ஊரைவிட்டு ஓட வேண்டும். சாம் ஸ்டீல் என்ற அதிகாரியின் பெயர் இதனால் நிலைத்தது. நிலத்துண்டுகளில் தகராறு வந்தபோது வில்லியம் ஓகில்வி என்ற அரசு நில அளவையாளர் மறுபடி அளந்தார். இரு துண்டுகளுக்கு நடுவே மிஞ்சிய முப்பது மீட்டருக்கும் குறைவான ஒரு கீற்று டிக் லோ என்பவருக்கு வந்தது. வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்டவருக்கு அது லட்சக்கணக்கான டாலர் கொடுத்தது. கலிபோர்னியாவில் இப்படி ஒரு துண்டுக்கு ரத்தம் சிந்தியிருக்கவும் கூடும். இங்கே அளவுச் சங்கிலி தீர்த்துவைத்தது.

சட்டம்தான் கதையை மாற்றியது என்ற வாதத்தைச் சோதிக்க ஓர் இடம் இருக்கிறது. அது கணவாய்களுக்குக் கடல் பக்கம், அமெரிக்க ஆட்சியில் இருந்த ஸ்காக்வே துறைமுகம். அதே ஆண்டு, அதே கூட்டம், அதே குளிர். ஆனால் அங்கே சட்டம் பெயரளவுக்குத்தான். 'சோப்பி' ஸ்மித் என்ற மோசடிக்காரன் ஊரையே கையில் வைத்திருந்தான். எங்கும் போய்ச் சேராத கம்பியை மாட்டித் தந்தி நிலையம் நடத்திப் பணம் பிடுங்கினான் என்பார்கள். 1898 ஜூலை 8-ல் ஊரார் திரண்டபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தான். கிளாண்டைக் காலத்தின் பெயர்பெற்ற கொள்ளையன் கதை பிறந்தது சட்டம் இல்லாத அந்தப் பக்கத்தில்தான். மலையைத் தாண்டினால் கதை மாறிவிடுகிறது.

கதைகள் எழுந்த விதம்

கலிபோர்னியாவின் தலையாய கதைநாயகன் ஹொவாக்கின் முரியேட்டா. அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் அவன் நிலத்தைப் பிடுங்கினார்கள், மனைவியைச் சீரழித்தார்கள், அண்ணனைத் தூக்கிலிட்டார்கள், அதனால் கொள்ளையனானான் என்பது கதை. வரலாற்றில் நிச்சயமாகத் தெரிவது குறைவு. 1850-ல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி விதித்து மெக்சிகோ, சிலி நாட்டவரைத் துரத்தினார்கள். 1853-ல் 'ஹொவாக்கின்' என்ற பெயருள்ள ஐந்து பேரைப் பிடிக்கச் சட்டமன்றமே ஒரு படையை அமைத்தது. அதன் தலைவர் ஹாரி லவ் ஒரு தலையைச் சாராயத்தில் ஊறவைத்துக் கொண்டுவந்து பரிசு வாங்கினார். அது உண்மையில் யாருடைய தலை என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. கட்டணம் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். மறு ஆண்டே ஜான் ரோலின் ரிட்ஜ் அதை நாவலாக்கினார். நிலத்தைப் பறிகொடுத்த செரோக்கி இனத்தைச் சேர்ந்தவர் ரிட்ஜ். முரியேட்டாவின் ஆத்திரத்தை அவரால் உள்ளிருந்து எழுத முடிந்ததில் வியப்பில்லை. நீதிமன்றம் இல்லாத இடத்தில் பழிவாங்குபவன் நாயகனாவது நம் நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் பழகியவர்களுக்குப் புதிதல்ல.

கிளாண்டைக்கின் கதைகளில் பழிவாங்கல் இல்லை, தாக்குப்பிடித்தல் இருக்கிறது. 1898 ஏப்ரல் 3-ல் சில்கூட் பாதையில் பனிச்சரிவு அறுபதுக்கு மேற்பட்டவரைப் புதைத்தது. வெள்ளைக் கணவாயில் சுமார் 3,000 குதிரைகள் செத்தன. ஜாக் லண்டன் 1897-ல் அங்கே போய், ஸ்கர்வி நோயோடு மறு ஆண்டு திரும்பினார். அவர் கொண்டுவந்தது பனியையும் நாய்களையும் பற்றிய கதைகளை. ராபர்ட் சர்வீஸ் இன்னொரு வகை. வைட்ஹார்ஸ் ஊரில் வங்கி எழுத்தராக இருந்துகொண்டு, டாசனைப் பார்ப்பதற்கு முன்பே, 1907-ல் வெளியான தொகுப்பால் புகழ்பெற்றார். அதிலுள்ள 'டான் மெக்ரூ சுடப்பட்டது' மதுக்கடைத் துப்பாக்கிச் சண்டை பற்றியது. அமெரிக்க மேற்கிலிருந்து இரவல் வாங்கிய சரக்கு அது. அதே தொகுப்பில், குளிர் பொறுக்காமல் செத்த சாம் மெக்கீயை எரிக்கும் கவிதைதான் யூகானின் சொந்தச் சரக்கு.

கண்டுபிடிப்பைப் பற்றியே கிளாண்டைக்கில் இரு கனவுக் கதைகள் உண்டு. கார்மாக் சொன்னது: கனவில் இரண்டு சால்மன் மீன்கள் வந்தன, செதில்களாகத் தங்கக் கட்டிகள், கண்களாகத் தங்க நாணயங்கள். தாகிஷ் மூத்தோர் சொல்வது: பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் தவித்த தவளையை ஸ்கூக்கம் ஜிம் காப்பாற்றினார், பின்னாளில் அது பெண் வடிவில் கனவில் வந்து ஆற்றின் கீழ்த்திசையைக் காட்டியது. ஜிம் ஆற்றோடு போனதும் தங்கத்துக்காக அல்ல, காணாமல்போன தங்கையைத் தேடி. முதல் கதையில் செல்வம் பிடித்துக்கொள்ள வேண்டிய இரை. இரண்டாவதில் அது செய்த உதவிக்கு வந்த கைம்மாறு. உலகம் முதல் கதையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது.

மண்ணுக்கு உரியவர்கள்

சட்டம் இருந்த கிளாண்டைக் நியாயமான இடம், இல்லாத கலிபோர்னியா அநியாயமான இடம் என்று முடித்துவிட முடியாது. கலிபோர்னியாவுக்குச் சட்டம் வந்தபோது அது கொடுமையைத் தடுக்கவில்லை, கொடுமைக்கு முத்திரை குத்தியது. 1848 கோடையில் தங்கம் அரித்தவர்களில் பாதிக்கு மேல் பழங்குடியினர் என்று ராணுவ ஆளுநர் மேசன் அறிக்கை எழுதினார். 1850-ல் 'பாதுகாப்பு' என்ற பெயரில் வந்த சட்டம் அவர்களைக் கட்டாய வேலைக்கு ஏலம் விட வழிசெய்தது. அவர்களைக் கொல்லப் புறப்பட்ட தன்னார்வப் படைகளுக்கு மாநிலம் பணம் கொடுத்தது. 1854-ல் வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1848-ல் சுமார் 1,50,000 ஆக இருந்த பழங்குடியினர் 1870-ல் சுமார் 30,000 ஆனார்கள். 2019-ல் மாநில ஆளுநர் இதை இனப்படுகொலை என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

கிளாண்டைக்கில் அப்படிப்பட்ட கொலைகள் இல்லை. ஆனால் ஆற்றுமுகத்தில் சால்மன் பிடித்து வாழ்ந்த ஹான் மக்கள் 1897-ல் தலைவர் ஐசக்கோடு கீழ்ப்புறமுள்ள மூஸ்ஹைடுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. நெரிசலில் தங்கள் பாடல்களும் ஆட்டங்களும் அழிந்துவிடும் என்று அஞ்சிய ஐசக், அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவு இனத்தாரிடம் பாதுகாக்கக் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை திரும்பி வந்தன. 2023-ல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அங்கீகாரம் பெற்றது தங்க வேட்டை மட்டுமல்ல, அதை அந்த மக்கள் எதிர்கொண்ட விதமும்தான்.

முடிவு

சட்டம் முந்தியதா பிந்தியதா என்பது வந்தேறிய சுரங்கக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்தினார்கள் என்பதைத் தீர்மானித்தது. அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ அது கதையானது: கலிபோர்னியாவில் சக மனிதன், கிளாண்டைக்கில் பனி. இரண்டு இடத்திலும் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வந்தவர்கள்தான். மண்ணுக்கு உரியவர்களின் இழப்பு வேறுபட்டது அளவில் மட்டுமே. அவர்களின் அச்சம் அந்தப் புகழ்பெற்ற கதைகள் எதிலும் இல்லை. ஆகவே தங்க வேட்டைக் கதைகளைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. சுரங்கக்காரனின் பயத்துக்கு அவை நம்பகமான சாட்சி. வரலாறு வேண்டுமென்றால் தவளைக் கதையையும் கேட்டாக வேண்டும்.