படிவத்துக்குள் அடங்காத உலகம்

தத்துவம் அன்றாடத்தைத் தேடி வந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். அது வியன்னாவில் தொடங்கி நம் ரொறொன்ரோவுக்கு வருகிறது.

1935 மே மாதம் 76 வயது எட்மண்ட் ஹுசெர்ல் வியன்னாவில் உரையாற்றினார். யூதர் என்பதால் ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கதவு அவருக்கு மூடப்பட்டிருந்த காலம். அந்த உரையிலிருந்து வளர்ந்த நூலில் 'வாழ்வுலகம்' என்ற கருத்தை விரித்தார். அறிவியல் அளக்கத் தொடங்கும் முன்பே நாம் உண்டும் நடந்தும் பேசியும் பழகிய உலகம் அது. எல்லா அளவைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. நிற்கும் நிலத்தை மறந்துவிட்டன என்றார்.

அவர் வழிவந்த அல்ஃபிரெட் ஷூட்ஸ் நாஜிகளிடமிருந்து தப்பி நியூயோர்க் வந்தார். பகலில் வங்கி வேலை, இரவில் தத்துவம். 1944இல் 'அந்நியன்' என்று ஒரு கட்டுரை எழுதினார். ஊரில் யோசிக்காமலே செய்தவை புதிய நாட்டில் ஒவ்வொன்றாகக் கேள்வியாகின்றன என்பது அதன் சாரம். இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஷூட்ஸைப் படித்த டொரோத்தி ஸ்மித் 1977இல் ரொறொன்ரோவுக்குக் கற்பிக்க வந்தார். தனியாகப் பிள்ளை வளர்த்த தாய். வீட்டின் உலகமும் பல்கலைக்கழகத்தின் உலகமும் அவருக்கு ஒட்டவில்லை. 1987இல் வெளியான நூலில் அன்றாட உலகத்தையே ஆய்வுக்குரிய கேள்வியாக்கினார். எங்கோ எழுதப்படும் படிவங்களும் கோப்புகளும் நம் நாளை எப்படி ஆள்கின்றன? அந்த நாளை வாழ்பவர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள் என்றார்.

அப்படிப் பார்த்தால் நம் வரலாறும் தெரிகிறது. முன்பு கனடாவில் அகதிக் கோரிக்கையாளரை அதிகாரி ஒருவர் விசாரிப்பார். அந்தப் பதிவை ஒட்டாவாவில் ஒரு குழு வாசிக்கும். ஆளின் முகத்தைப் பாராமலே முடிவு வரும். 1985 ஏப்ரல் 4 அன்று, சிங் வழக்கில், நேரில் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 83க்குப் பின் வந்த நம்மவர்கள் பலருக்கும் அது கைகொடுத்தது.

ஆனாலும் விசாரணை திகதி கேட்கும். 'நல்லூர்த் திருவிழா முடிந்து மூன்றாம் நாள்' என்று நினைவு வைத்திருக்கும் அம்மா என்ன சொல்வார்? அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலம் படிவத்தின் காலம் அல்ல.

அந்த நினைவுக்குக் கோப்பில் இடமில்லை. அந்த அம்மாக்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்லும் விதத்திலேயே கேட்டு எழுதிவைப்போம்.