தாது வருஷப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் ஆகிய பகுதிகளைச் சூறையாடிய பெரும்பஞ்சம். தாது வருஷத்தில் தொடங்கியதால் தமிழகத்தில் இப்பெயர் வழங்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது; இதனினும் கூடுதலான கணிப்புகளும் உண்டு.

1876-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், வட ஆர்க்காடு போன்ற மானாவாரிப் பகுதிகள் கருகின. ஆனாலும் நாட்டில் தானியம் அடியோடு அற்றுவிடவில்லை. ரயிலில் மூட்டைகள் வந்து இறங்கின; இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியபடியே இருந்தது. விலை ஏற ஏற, வேலை இழந்த கூலியாட்களிடமும் நெசவாளர்களிடமும் வாங்கக் காசில்லை. மழை தொடங்கிவைத்த துயரத்தைப் பேரழிவாக்கியது அரசின் சிக்கனம்தான்.

அச்சிக்கனத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1874-இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார். சாவு மிகக் குறைவு. உயிர்களைக் காத்ததற்குப் பாராட்டுக்குப் பதில், வீண்செலவு என்ற வசையே அவருக்குக் கிடைத்தது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அவரைத் தெற்கே அனுப்பியபோது அவர் வேறு மனிதராக வந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பட்டினியால் மெலிந்த உடல்கள் இதை உண்டுதான் மண் சுமந்தன, கல் உடைத்தன. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டு தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என விடாமல் வாதாடினார். சில வாரங்களில் கூலி ஓரளவு உயர்ந்தது. காலராவும் அதன் பின் மலேரியாவும் தளர்ந்த மக்களைக் கொத்தாக வாரிச் சென்றன.

சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இந்நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காமின் பெயர் அதற்கு இடப்பட்டது. பிழைப்பு தேடி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம்.

1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையம், வேலையும் கூலியும் அற்றுப்போவதே பட்டினிக்கு வழி என்பதை ஒப்புக்கொண்டது. அதன் வழியே 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. விலையேற்றம், ஊர்விட்டு அலைதல், திருட்டுப் பெருக்கம் ஆகியவற்றைக் கண்டதும் நிவாரணத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்பது அதன் சாரம். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது, அவ்விதிகளின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை.