பொம்மையின் உடலும் நடிகரின் குரலும்: ஸ்டாப் மோஷன் கலையும் தமிழ்த்திரையின் அறிவியல் நகைச்சுவையும்

ஆய்வுச் சுருக்கம்

உழவு வாழ்க்கையும் வேற்றுக்கோள் உயிரும் ஒன்றையொன்று சந்திக்கும் கதையை, குடும்பத்தோடு பார்க்கத்தக்க படமாக, மூன்று காலங்களில் மூன்று படங்கள் சொல்லியுள்ளன. அவை தமிழில் வந்த ‘கலை அரசி’ (1963), இங்கிலாந்தின் ‘ஷான் த ஷீப்: ஃபார்மகெடான்’ (2019), மீண்டும் தமிழில் வந்த ‘அயலான்’ (2024) ஆகியன. இவற்றுள் இரண்டாவது மட்டுமே ஸ்டாப் மோஷன் முறையில் உருவானது. தமிழ்த்திரையில் இம்முறை தனி மரபாக வளராமைக்குத் தொழில்நுட்ப அறியாமையோ கற்பனைக் குறைவோ காரணமாகா என்பதையும், நகைச்சுவையின் உயிரை நடிகரின் உடலிலும் குரலிலும் வைத்த அரங்க, திரை மரபே முதன்மைக் காரணம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டாப் மோஷன், அசைவூட்டம், தோற்பாவைக்கூத்து, கலை அரசி, மாயா பஜார், அறிவியல் நகைச்சுவை.

முன்னுரை

தமிழ் அசைவூட்டப் படங்களின் வரலாறு பெரும்பாலும் ‘முதல் படம் எது’ என்னும் வினாவிலிருந்து எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதும்போது 2007இல் வெளிவந்த ‘இனிமே நாங்கதான்’ என்னும் கணினிவழி முப்பரிமாணப் படமே தொடக்கப்புள்ளி ஆகிறது. அதற்கு முன் ஸ்டுடியோக்களில் கையால் செய்யப்பட்ட தந்திரக் காட்சிகள், குறும்படங்கள், பொம்மைக்கலை மரபுகள் ஆகியன அனைத்தும் முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. கணினியோடு தமிழ் அசைவூட்டம் தொடங்கியது என்ற எண்ணம் இதனால் வலுப்பெறுகிறது. இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்வதற்கு ஸ்டாப் மோஷன் பொருத்தமான அளவுகோல். அது கணினிக்கு மட்டுமன்று, பேசும்படத்திற்கும் முந்திய கலை.

ஸ்டாப் மோஷன்: செய்முறையும் உழைப்பும்

அசையாப் பொருள் ஒன்றைச் சிறிது நகர்த்தி ஒரு சட்டகம் படம்பிடித்தல், மீண்டும் நகர்த்தி அடுத்த சட்டகம் பிடித்தல் என்பதே இம்முறை. திரையில் சட்டகங்கள் வினாடிக்கு 24 வீதம் ஓடும்போது பொருள் தானே அசைவதாகத் தோன்றும். இதனை நிறுத்தி மாற்றும் தந்திரத்திலிருந்து வேறுபடுத்துதல் வேண்டும். ஒளிப்படக் கருவியை நிறுத்தி, ஆளையோ பொருளையோ மாற்றி, மீண்டும் ஓட்டி மாயமாக மறையச் செய்வது பிரான்சின் ஜார்ஜ் மெலியே பெரிதும் கையாண்ட உத்தி. அங்கு வெட்டு ஒருமுறை நிகழ்கிறது. ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு சட்டகமும் ஒரு வெட்டு.

ஒன்றரை மணி நேரப் படத்திற்கு 1,29,600 சட்டகங்கள் வேண்டும். ஒரே நிலையை இருமுறை பதிவு செய்தாலும் 64,800 நிலைகளைக் கையால் அமைத்தாக வேண்டும். நடிகரின் நாள்கணக்கை அடிப்படையாகக் கொண்ட படத்தொழிலுக்கு இந்தக் காலக்கணக்கு முற்றிலும் வேறானது. பின்னர் வரும் காரணங்களை ஆராய்கையில் இவ்வேறுபாடு நினைவிற்குரியது.

இந்தியத் தொடக்கங்கள்

இந்தியக் கதைப்படத்தின் தொடக்கமே சட்டகம் சட்டகமாகப் படம்பிடித்தலோடு பிணைந்தது. தாதாசாகிப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வை (1913) எடுப்பதற்கு முன், 1912இல் பட்டாணிச் செடியொன்றின் வளர்ச்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்துக் குறும்படமாக்கினார். விதை முளைத்துக் கொடியாவதைத் திரையில் கண்ட பின்னரே அவருக்குப் பண உதவி கிடைத்தது. 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ (தீக்குச்சிகளின் கேளிக்கை) என்னும் படத்தை உருவாக்கினார். பிரான்சின் எமில் கோல் 1908இல் தீக்குச்சிகளைக் கொண்டு எடுத்த படம் இதற்கு முன்னோடி. பால்கேயின் தீக்குச்சிப் படம் இன்று கிடைக்கவில்லை. ஆயினும் இந்தியாவில் ஸ்டாப் மோஷன் நகைச்சுவையாகவே தொடங்கியது என்பதற்கு அதன் பெயரே சான்று.

1934இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் குணமய் பானர்ஜி ‘தி பீ பிரதர்ஸ்’ என்னும் அசைவூட்டக் குறும்படத்தை உருவாக்கினார். சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ 1947இல் ஓவியர் தாணுவைக் கொண்டு ‘சினிமா கதம்பம்’ என்னும் கேலிச்சித்திரப் படத்தை வெளியிட்டது. தமிழகத்தில் அசைவூட்டம் கணினியோடு தொடங்கவில்லை என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. ஆனால் அம்முயற்சி தொடர் மரபாகவில்லை. விடுதலைக்குப் பின் அசைவூட்டத்திற்கு அரசின் ஆதரவு பம்பாயிலிருந்த திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பகுதி வழியாகவும், பின்னர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாகவும் கிடைத்தது. சென்னை ஸ்டுடியோக்களில் எஞ்சியது தந்திரக் காட்சி மட்டுமே. அதுவும் நடிகரின் படத்திற்குத் துணையாக நின்றது.

பொம்மை நகைச்சுவையின் தென்பாண்டி மரபு

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை என்னும் ஊர்ப்பெயரில் இரு சொற்கள் இணைந்துள்ளன. குத்துக்கல் நட்டு நிறுத்தப்பட்ட கல்லைச் சுட்டுவது. அசையாது இருப்பவரைக் குத்துக்கல் என்றே வழக்கில் கூறுவர். வலசை இடம்பெயர்தலையும், பெயர்ந்து வந்தோரின் குடியிருப்பையும் சுட்டும். அருகிலுள்ள குற்றாலத்தின் சித்திரசபை, நடராசர் ஐந்து சபைகளுள் ஒன்று. அங்கு ஆடல்வல்லான் சுவரோவியமாக வழிபடப்படுகிறார். அசையாத ஒன்றில் ஆடலைக் காணும் மனப்பழக்கம் இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. இதனை அசைவூட்டத்தின் மூதாதை எனக் கொள்வது மிகைக்கூற்றாகும். ஆயினும் அசையாப் பொருளுக்கு உயிர் கற்பிக்கும் ஆற்றல் தமிழ்ப் பார்வையாளரிடம் இல்லை என்னும் கருத்தை இது தடுக்கிறது.

இதனினும் நேரடியான சான்று தோற்பாவைக்கூத்து. திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் மராட்டிய மொழி பேசும் கணிகர் குடும்பங்கள் இக்கலையை நிகழ்த்தி வந்தன. விளக்கொளி படும் வெண்திரையின் பின்னிருந்து ஒருவரே பாவைகளை இயக்கி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் தருவார். இராமாயணக் கதையின் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தோன்றி ஊர் நடப்புகளைக் கேலி செய்வர். குழந்தைகளும் முதியோரும் ஒருங்கே இருந்து சிரித்த நகைச்சுவை இது.

இந்நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. தோற்பாவையின் முகம் மாறாது. அதன் அசைவுகளும் சிலவே. சிரிப்பு பாவையாட்டியின் நாவிலிருந்து, பேச்சின் வேகத்திலிருந்து, குரல் மாற்றத்திலிருந்து பிறக்கிறது. உடல் பொம்மையினுடையது, உயிர் குரலினுடையது. தமிழ்ப் பொம்மை நகைச்சுவையின் இவ்வியல்பு பின்னர்த் திரைக்கும் பொருந்தி வருகிறது.

திரையில் உடலின் ஆட்சி

அமெரிக்காவில் வில்லிஸ் ஓ’பிரையன் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ (1925), ‘கிங் காங்’ (1933) ஆகியவற்றில் பேருருவ விலங்குகளைச் சிறு பொம்மைகளால் ஸ்டாப் மோஷன் முறையில் இயக்கினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டாகத் தயாரித்த ‘காடு’ படத்திற்கும் அழிந்துபோன மாமத யானைகள் தேவைப்பட்டன. அங்குப் பொம்மைகள் செய்யப்படவில்லை. உயிருள்ள யானைகளுக்கு அடர்ந்த மயிர்ப் போர்வை சாத்தி நடிக்கவைத்தனர். யானையும் பாகனும் எளிதில் கிடைத்த நாட்டில், மாதக்கணக்கில் பொம்மையை நகர்த்துவதைவிட இது சிக்கனமான தீர்வு. உயிருள்ள உடல் கையருகே இருக்கும்போது பொம்மைக்குத் தேவை எழவில்லை.

இதற்கு எதிர்ச்சான்றாக ‘மாயா பஜார்’ (1957) நிற்கிறது. கே.வி. ரெட்டி இயக்கத்தில், மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் உருவாக்கிய இப்படத்தில் விரிப்பும் கட்டிலும் தாமே நகர்ந்து மனிதரைக் கேலிப்பொருளாக்குகின்றன. கல்யாண விருந்தின் பண்டங்கள் கடோத்கசன் வாய்க்குள் தாமே செல்கின்றன. சொல்லின்றிப் பொருளின் அசைவே சிரிப்பை எழுப்பும் இடங்கள் இவை. தமிழ்ப் பார்வையாளர் இவற்றைத் தலைமுறைகள் கடந்து கொண்டாடினர். எனவே பார்வையாளரின் சுவை தடையாக இருந்தது என்று கூறுதல் இயலாது. ஆயினும் அக்காட்சியின் நடுவில் இருப்பவர் எஸ்.வி. ரங்காராவ், அவரது சிரிப்பும் உடலசைவுமே பண்டங்களின் அசைவுக்குப் பொருள் தருகின்றன.

‘கலை அரசி’: கலையைத் தேடி வந்த விண்கலம்

1963 ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’ ஏ. காசிலிங்கம் இயக்கியது. யூரி ககாரின் விண்வெளி சென்று ஈராண்டுகளே ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 21இல்தான். அறிவியலில் முன்னேறிய ஒரு கோளில் கலை வளரவில்லை, கலையைக் கற்பிக்க வல்லவரைத் தேடி அங்கிருந்து ஒருவன் (எம்.என். நம்பியார்) பூமிக்கு வந்து பாடகி வாணியைக் (பி. பானுமதி) கவர்ந்து செல்கிறான். அவளை மீட்கச் செல்பவன் மோகன் என்னும் உழவன். எம்.ஜி.ஆர். மோகனாகவும், அவனைப் போன்ற தோற்றமுடைய கோமாளியாகவும் நடித்தார்.

அறிவியல் புனைவின் வழக்கமான அச்சம் இப்படத்தில் இடம்மாறுகிறது. வேற்றுக்கோளினர் நிலத்தையோ நீரையோ நாடவில்லை, இசையை நாடுகின்றனர். உழவன் அக்கோளில் பிழைப்பது கோமாளியின் உருவத்தில். வேற்றுலகின் அயன்மையைக் காட்ட இப்படம் நாடியது புதிய உயிர்வடிவத்தை அன்று. அரங்க உடைகளையும், இரட்டை வேடத்தையும், பாட்டையும் ஆகும். வேற்றுக்கோளினரும் மனித உருவினரே, தமிழ் பேசுவோரே. கலை என்பது குரலும் உடலுமே என்னும் கொள்கையில் எழுந்த கதைக்குப் பொம்மை உடல் முரணாகவே அமைந்திருக்கும். ஆகவே இங்கு ஸ்டாப் மோஷன் இல்லாமையைக் குறையாகக் கொள்ளாமல், கதையின் கொள்கையோடு இயைந்த தேர்வாகக் கொள்வதே பொருந்தும்.

‘ஃபார்மகெடான்’: சொல்லற்ற பொம்மை

பிரிஸ்டல் நகரின் ஆர்ட்மன் ஸ்டுடியோ 1972இல் பீட்டர் லார்டு, டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் இருவரால் தொடங்கப்பட்டது. நிக் பார்க் தம் மாணவப் பருவத்தில் தொடங்கி, ஆண்டுகள் பல உழைத்து, ஆர்ட்மன் துணையோடு முடித்த ‘எ கிராண்ட் டே அவுட்’ (1989) பாலாடைக்கட்டி தேடி நிலவுக்குச் செல்லும் இருவரின் கதை. 1995இன் ‘எ குளோஸ் ஷேவ்’ படத்தில் தோன்றிய ஷான் என்னும் ஆடு, 2007இல் தொலைக்காட்சித் தொடராகவும் 2015இல் முழுநீளப் படமாகவும் வளர்ந்தது. வில் பெக்கரும் ரிச்சர்ட் ஃபீலனும் இயக்கிய ‘ஃபார்மகெடான்’ (2019) இவ்வரிசையில் அடுத்தது. வழிதவறி வந்த லூ-லா என்னும் விண்ணகக் குழந்தையை ஷான் வீடு சேர்க்க முயல, பண்ணையாரோ வேற்றுக்கோள் பரபரப்பைக் காசாக்கப் பண்ணையில் கேளிக்கைப் பூங்கா அமைக்கிறார்.

இப்படத்தில் பொருள் தரும் உரையாடலே இல்லை. முனகல், சிரிப்பு, கனைப்பு ஆகியன மட்டும் உண்டு. நகைச்சுவை முழுவதும் கண்ணிமை, காது, நடை, நிற்கும் நிலை ஆகியவற்றிலிருந்து எழுகிறது. பேசாப்படக் காலத்துச் சிரிப்புப் படங்களின் இலக்கணம் இது. வேற்றுக்கோள் குழந்தைக்கும் ஆட்டுக்கும் பொதுமொழி இல்லாமை கதைக்குத் தடையாகவில்லை. இருவருமே சொல்லற்றவர் என்பதால் நட்பு இயல்பாகிறது. தோற்பாவைக்கூத்தில் குரல் பொம்மைக்கு உயிர் தருகிறது. இங்குச் சட்டகங்களுக்கு இடையிலான விரலின் தொடுகை உயிர் தருகிறது. இரண்டும் பொம்மை நகைச்சுவையே. உயிர் குடியிருக்கும் இடம் வேறு.

‘அயலான்’: மரபின் தொடர்ச்சி

ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘அயலான்’ 2024 பொங்கலையொட்டி வெளிவந்தது. சிவகார்த்திகேயன் ஏற்ற தமிழ் என்னும் நாயகனும் உழவனே. தன் தேடலுக்காகப் பூமிக்கு வரும் சிற்றுருவ உயிர் இம்முறை மனித உருவில் இல்லை, கணினிவழி உருவாக்கப்பட்டது. ‘கலை அரசி’யிலிருந்து அறுபது ஆண்டுகளில் நேர்ந்த பெருமாற்றம் இதுவே. ஆனால் அவ்வுயிருக்கு நகைச்சுவைப் பாத்திரமாக வடிவு தருவது நடிகர் சித்தார்த்தின் தமிழ்க் குரல். நாயகனோடு அது உரையாடும் முறை, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உரையாடும் இரட்டையர் நகைச்சுவை அமைப்பிற்கு அண்மையது. உடல் கணினிக்கு மாறிய பின்னும் உயிர் குரலிலேயே நிற்கிறது.

காரணங்களின் வரிசை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று காரணங்களை வரிசைப்படுத்தலாம். முதலாவது, நகைச்சுவை குரல்சார்ந்து வளர்ந்த மரபு. இது திரைக்கு முந்தியது. இரண்டாவது, நடிகரின் உடலை மூலதனமாகக் கொண்ட ஸ்டுடியோப் பொருளியல்; தந்திரக் காட்சி அதற்குத் துணைக்கருவியாயிற்று. மூன்றாவது, பயிற்சியும் அரசு ஆதரவும் பம்பாயிலும் அகமதாபாத்திலும் குவிந்தமை. மும்பையில் சுரேஷ் எரியாட் இயக்கிய ‘டோக்ரி’ (2017) என்னும் ஸ்டாப் மோஷன் குறும்படம் உருவாகப் பல ஆண்டுகள் ஆயின. அத்தகைய காத்திருப்பைத் தாங்கும் நிறுவன அமைப்பு இருந்தாலன்றி இக்கலை நிலைபெறாது என்பதை அது உணர்த்துகிறது. முதற்காரணமே அடிப்படையானது, மற்ற இரண்டும் அதனை உறுதிப்படுத்தின.

முடிவுரை

தமிழ்த்திரையில் ஸ்டாப் மோஷன் மரபு வளராமையைப் பின்தங்கிய நிலையாகக் காண்பது, ஒரு நாட்டின் நகைச்சுவை இலக்கணத்தைக் கொண்டு மற்றொன்றை அளப்பதாகும். அதே வேளையில், இவ்வேறுபாட்டைச் சுட்டி இழப்பை மறைத்தலும் கூடாது. பால்கேயின் தீக்குச்சிப் படம் மறைந்தது, ‘சினிமா கதம்ப’த்திற்குத் தொடர்ச்சி இல்லை, தோற்பாவைக்கூத்தை நிகழ்த்தும் குடும்பங்கள் குறைந்துவருகின்றன. ‘முதல் படம்’ என்னும் அளவுகோல் இவற்றுள் எதனையும் கணக்கில் கொள்வதில்லை.

படப்பெயர்களின் பட்டியலாக அன்றி, செய்முறைகளின் வரலாறாகத் தமிழ் அசைவூட்ட வரலாறு எழுதப்படுமாயின், தந்திர ஒளிப்பதிவாளர்களும் ஸ்டுடியோ ஓவியர்களும் பாவையாட்டிகளும் அதன் முன்வரிசைக்கு வருவர். தோற்பாவைக்கூத்தின் நகைச்சுவைப் பகுதிகளை உரையாக மட்டும் தொகுக்காமல், கையசைவும் குரலும் சேர்ந்த நிகழ்த்துதலாகப் பதிவு செய்வதே அவ்வாய்வின் உடனடித் தேவை. பாவையைத் தொடும் விரலும் பாவைக்குப் பேசும் நாவும் ஒரே மனிதரிடம் கூடியிருந்த கலை அது. அந்த மனிதர் இருக்கும்போதே அப்பதிவு நிகழவேண்டும்.