சத்திரத்துக் கதவும் தபாலில் வந்த பதிலும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்தவர்கள் நம்மிடையே இப்போது அதிகம். திரும்பி வந்ததும் ஒரு நாட்டையே ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். "அமெரிக்காக்காரன் தங்கமானவன் சார், முன்பின் தெரியாதவனைப் பார்த்தால்கூட ஹலோ சொல்கிறான்" என்பார் ஒருவர். "எல்லாம் உதட்டுச் சிரிப்பு, வாசப்படி தாண்ட விடமாட்டான்" என்பார் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். இருவரும் போய் வந்தது ஒரே நாடு. சில சமயம் ஒரே ஊர்.

இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. 14-ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இபின் பதூதாவைப் பாருங்கள் (நம் மதுரைக்கும் வந்து போனவர்தான்). இன்றைய துருக்கியில் லாதிக் என்ற ஊருக்குள் அவர் நுழைந்தபோது, கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தார்களாம். வேறொரு கும்பல் வந்து அவர்களோடு மல்லுக்கு நின்றது. கத்திகூட உருவினார்கள். கொள்ளைக்காரர்கள் என்று பயந்து போனார் பதூதா. அரபு தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. விருந்தாளி யார் வீட்டுக்கு என்பதில்தான் சண்டையே! கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதே மனிதர் பல வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போனார். மன்னரிடமிருந்து வரிசை வருகிறது என்றதும் பட்டாடையும் பொன்னுமாக இருக்கும் என்று எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பின்னால் அந்த மன்னர் வீடும் பொன்னும் கொடுத்தார், ஆனாலும் 'கஞ்சன்' என்ற பட்டம் புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான்.

ஆனால் இதெல்லாம் வந்தவன் சொல்லும் கதை. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் வருகிறவனைப் பற்றி என்ன நினைக்கிறான், என்ன சொல்கிறான், கடைசியில் என்ன செய்கிறான் என்று யாராவது கணக்கெடுத்துப் பார்த்தார்களா? ஒருவர் பார்த்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவர் பெயர் ரிச்சர்ட் லாபியர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1930-ல் தொடங்கி இரண்டு வருஷம், ஓர் இளம் சீன மாணவரோடும் அவர் மனைவியோடும் காரில் நிறையப் பயணம் செய்தார்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். அன்றைய அமெரிக்காவில் சீனர் என்றால் என்ன என்பது தெரிந்தால்தான் விசேஷம் புரியும். 1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் தேடும் பித்து கிளம்பியபோது வந்தவர்கள் சீனர்கள். அந்த நாட்டின் மேற்கையும் கிழக்கையும் இணைத்த ரயில் பாதையில், மேற்குப் பக்கத்து மலைகளைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். 1869-ல் பாதை முடிந்தது. வேலை முடிந்ததும் ஆள் கசந்துவிட்டது. 'குறைந்த கூலிக்கு வருகிறான், அழுக்காக இருக்கிறான், அபின் பிடிக்கிறான், நம்மோடு ஒட்ட மாட்டான்' என்று ஒரு சித்திரம் உருவாகி, 1882-ல் சட்டமாகவே வந்தது: சீனத் தொழிலாளர் இனி நாட்டுக்குள் வரக்கூடாது. ஏற்கெனவே இருப்பவர்களும் குடியுரிமை பெற முடியாது. மாணவர், வியாபாரி போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு இருந்த காலத்தில்தான் நம் மாணவர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே லாபியருக்கு உள்ளூரக் கலக்கம். கீழ்த்திசைக்காரர்கள் மேல் துவேஷத்துக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில், இருப்பதிலேயே நல்ல ஹோட்டலுக்குள் தயங்கித் தயங்கித்தான் நுழைந்தார்கள். குமாஸ்தா ஒரு கணமும் யோசிக்காமல் அறை கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் மறுபடி போனபோது லாபியர் ஒரு காரியம் செய்தார். அதே ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, முக்கியமான சீனக் கனவான் ஒருவருக்கு இடம் தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்று வெட்டொன்று துண்டு இரண்டாகப் பதில் வந்தது.

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. அதன்பின் எங்கே போனாலும் குறிப்பு எடுக்க ஆரம்பித்தார். எங்கள் தபால் இலாகாவில் ஒவ்வொரு பதிவுத் தபாலுக்கும் ஒரு வரி எழுதுவோமே, அந்த மாதிரி. சில இடங்களில் தாம் பெட்டிகளை இறக்குகிற சாக்கில் பின்தங்கி, அந்தத் தம்பதியை முதலில் உள்ளே அனுப்பினார். அவர்களிடம் ஆராய்ச்சி பற்றி வாயே திறக்கவில்லை. தெரிந்தால் இயல்பாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். செய்தது சரியா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நண்பர்களை அறியாமலேயே சோதனைப் பொருளாக்குவது அல்லவா அது? இருக்கட்டும்.

கிட்டத்தட்ட 10,000 மைல் ஓடியது கார். தங்குமிடங்கள் 67, சாப்பிட்ட இடங்கள் 184, ஆக மொத்தம் 251. எத்தனை இடத்தில் கதவை மூடினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஒரே ஒரு இடத்தில்.

மாறாக, 184 உணவகங்களில் 72-ல் சாதாரண வாடிக்கையாளருக்குக் காட்டுவதைவிடக் கூடுதலாகவே மரியாதை காட்டினார்கள் என்று எழுதுகிறார் லாபியர்.

அந்த ஒரே மறுப்பும் சுவாரசியமானது. அது காரை நிறுத்திவிட்டுக் குடிசை மாதிரியான அறைகளில் தங்கும் இடம், அதிலும் மட்டமான ரகம். இவர்கள் வந்த கார் ஓட்டை உடைசல். மேலே மூட்டை முடிச்சு. அந்தி நேரம், வெளிச்சம் போதவில்லை. லாபியர் இறங்கிப் போய்க் கேட்டார். அறை இருக்கிறதோ இல்லையோ என்று இழுத்துக்கொண்டே காரை நோக்கி நகர்ந்தார் சொந்தக்காரர். உள்ளே இருந்த முகங்களைப் பார்த்ததும் முடிவு வந்துவிட்டது: 'ஜாப்'புகளுக்கு இங்கே இடமில்லை. ஜப்பானியர்களை ஏளனமாகக் கூப்பிடும் சொல் அது. மறுத்ததுதான் மறுத்தார், ஆள் மாறி மறுத்தார்! அன்று இரவு அதைவிட ஒசத்தியான இடத்தில், கூடுதல் உபசாரத்தோடு அறை கிடைத்தது.

ஆறு மாதம் பொறுத்திருந்து, போன இடங்களுக்கெல்லாம் லாபியர் தபாலில் ஒரு கேள்வி அனுப்பினார். 'உங்கள் விடுதியில் சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா?' அவ்வளவுதான். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி மட்டும் போனது. மீதிப் பேருக்கு ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், யூதர், கறுப்பர் என்று வேறு பலரையும் கலந்து கேட்டார். விடாமல் நச்சரித்து 128 பதில்களை வாங்கினார். உணவகங்களில் நூற்றுக்கு 92, தங்குமிடங்களில் நூற்றுக்கு 91 'இல்லை' என்றன. ஏறக்குறைய மற்ற எல்லோரும் 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்று நழுவிக்கொண்டார்கள். சிரித்த முகத்தோடு இலை போட்டவர்கள்தான் இத்தனை பேரும். இந்தத் தம்பதி போகாத வேறு சில இடங்களுக்கும் அதே கேள்வியை அனுப்பினார். அங்கேயும் இதே பதில்தான்.

'சரி' என்று வந்தது ஒரே ஒரு பதில். சிறிய தங்குமிடம் ஒன்றை நடத்திய அம்மாள் எழுதியது. போன கோடையில் ஒரு சீனக் கனவானும் அவருடைய இனிய மனைவியும் வந்து தங்கினார்கள், எவ்வளவு நன்றாகப் பொழுது போனது தெரியுமா என்று ஒரு வம்பளப்புக் கடிதமும் கூடவே வைத்திருந்தார்.

1934-ல் இதையெல்லாம் லாபியர் கட்டுரையாக எழுதினார். மனப்பான்மையும் செயலும் என்பது போன்ற தலைப்பு. அந்தக் காலத்துச் சமூகவியலாளர்கள் கேள்வித்தாள் நீட்டி, 'இந்த இனத்தாரோடு சம்பந்தம் வைத்துக்கொள்வீர்களா, பக்கத்து வீட்டில் குடியிருக்க விடுவீர்களா, நாட்டுக்குள்ளாவது விடுவீர்களா' என்று கேட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குத்துவதுதான் லாபியரின் நோக்கம். காகிதத்தில் எழுதுவது ஒன்று, நேரில் செய்வது ஒன்று, ஆகவே உங்கள் கேள்வித்தாளை நம்பாதீர்கள் என்றார்.

இதற்கு ஆட்சேபணைகளும் வந்தன, நியாயமானவை. கல்லாவில் நின்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆள்தானா? கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் வந்தார், அதை மறக்கலாமா? அந்தத் தம்பதி பார்க்க லட்சணமாக, சிரித்த முகமாக, நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்களாக இருந்தார்கள். உடுப்பும் பெட்டியும் சுத்தமும் புன்னகையும்தான் தோலின் நிறத்தைவிட வேலை செய்தன என்று லாபியரே ஒப்புக்கொள்கிறார். என் பங்குக்கு இன்னொன்று சேர்ப்பேன். 1930 என்பது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். காலி அறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வருகிற காசை அவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்ப மாட்டான்.

எழுபதுகளில் எனக்கு ஜபல்பூர் பக்கம் மாற்றல். வீட்டுக்காக ஒரு சக ஊழியரை விசாரிக்கச் சொன்னேன். மதராசிக்கு வீடு கிடையாது என்று பதில் வந்தது. புளியும் பெருங்காயமும் சமையலறைச் சுவரில் ஏறிவிடுமாம். ஒரு வாரம் கழித்து வேறு வழியில்லாமல், கைக்குழந்தையோடு நானும் மனைவியும் அதே வாசலில் போய் நின்றோம். வீட்டுக்காரரின் தாயார் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். சாவி வந்துவிட்டது. அங்கிருந்த நான்கு வருஷமும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் அடிக்கடி சொல்வார்: "நீங்கள் மதராசி மாதிரியே இல்லை, பேட்டா." என் மனைவி வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டேதான் சொல்வார்! மதராசிகளைப் பற்றிய அபிப்பிராயம் ஒரு இம்மியும் மாறவில்லை. எங்களை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்.

லாபியரின் விடுதிக்காரர்கள் செய்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சீனர்' என்ற கேள்வி தபாலில் வந்தபோது அவர்கள் மனதில் எழுந்தது பத்திரிகையிலும் மேடையிலும் பார்த்த அபின் குழாய்ச் சீனர். ஆறு மாதத்துக்கு முன் மூன்றாம் மேஜையில் உட்கார்ந்து சூப் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிப் போன பெண் அந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த ஒரு அம்மாளுக்கு மட்டும் 'சீனர்' என்றதும் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

கடைசியில் நேரில் நல்லபடி நடத்தினார்களே, காகிதத்தில் என்ன எழுதினால் என்ன என்று இதைப் படிக்கிற சிலர் நினைக்கலாம். என்னால் அப்படி விட முடியவில்லை. காகிதத்தில் 'இல்லை' என்று எழுதுகிறவர்தான் ஓட்டும் போடுகிறார். சட்டம் அந்த 'இல்லை'யிலிருந்துதான் வருகிறது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1910 முதல் 1940 வரை சீனாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை அங்கே மரக் கொட்டடிகளில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் கிராமத்து வீட்டுக்கு எத்தனை படி, பக்கத்து வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார் என்றெல்லாம் கேள்வி. கூட வந்த உறவினரின் பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். வாரக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு, மாதக்கணக்கில் கிடந்தவர்களும் உண்டு. கொட்டடிச் சுவர்களில் அவர்கள் செதுக்கி வைத்த சீனக் கவிதைகள் இன்றும் இருக்கின்றன. லாபியர் உணவகம் உணவகமாகப் போய் மரியாதையைக் கணக்கெடுத்த அதே வருஷங்களில், அதே கலிபோர்னியாவில்தான் இதுவும் நடந்தது.

கறுப்பின மக்களுக்கோ காகிதத்தில் மட்டுமல்ல, கல்லாவிலும் 'இல்லை'தான். நல்ல உடுப்பும் புன்னகையும் அங்கே எடுபடவில்லை. காரில் வெளியூர் கிளம்பினால் சாப்பாடு, போர்வை, பெட்ரோல் எல்லாம் கையோடு கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. 1936-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்பவர், எந்த ஊரில் எந்த விடுதி, எந்த முடிதிருத்தகம், எந்த உணவகம் தங்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று பட்டியல் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். 'கிரீன் புக்' என்று பெயர். கிரீன் தொழிலால் ஒரு தபால்காரர் (நம் இலாகா!). இனம் பார்த்து விடுதிக் கதவை மூடுவது குற்றம் என்று 1964-ல் சட்டம் வந்த பிறகும் இரண்டு மூன்று வருஷம் அந்தப் புத்தகம் வந்துகொண்டிருந்தது.

சீனர்கள் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. சீனா கூட்டாளியாயிற்று. அந்த மாதமே 'லைஃப்' பத்திரிகை, சீன முகத்தையும் ஜப்பானிய முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மூக்கு இப்படி, கன்னம் இப்படி என்று கோடிட்டு, யார் நண்பர் யார் எதிரி என்று வாசகர்களுக்குப் பாடம் நடத்தியது. அந்தி வெளிச்சத்தில் காருக்குள் எட்டிப் பார்த்தாரே, அவருக்குப் பத்து வருஷம் முந்தியே தேவைப்பட்ட பாடம்! மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, குழந்தை குட்டிகளோடு, முள்வேலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

சீனர்களைத் தடுத்த 1882 சட்டம் 1943 டிசம்பரில் ரத்தானது. அங்கே இருந்த சீனர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையும் அப்போதுதான் வந்தது. புதிதாகக் குடியேற அனுமதிக்கப்பட்டவர்கள், ஆண்டுக்கு 105 பேர்.